பதினொன்றில் மூன்று போனால் எட்டு இல்லை

அமெரிக்காவின் நடுவயிற்றில் நெப்ராஸ்கா, கன்சாஸ் மாதிரி மாநிலங்கள் இருக்கின்றன. கண்ணுக்கு எட்டிய தூரம் சோளக்காடு, கோதுமைக்காடு, நடுநடுவே நூறு இருநூறு வீடுகளுடன் ஓர் ஊர், ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடங்களில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் நடக்கும். ஒரு பக்கத்துக்கு எட்டே எட்டு பேர். ஸ்கோர் 62-54 என்கிற ரேஞ்சில் முடிந்தாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். தோற்ற டீமின் கோச் தோளைக் குலுக்கிவிட்டு, "எட்டு பேர் ஆட்டத்தில் டிஃபென்ஸ் எல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

நடக்கிற காரியம்தான். நடக்காததற்குக் காரணம் ஆட்டம் இல்லை, கோச். இதைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் அடிக்க வருவார்கள். பரவாயில்லை, நடுவில் ஒரு சமுத்திரம் இருக்கிறது :-)

முதலில் ஒரு விளக்கம். இது காலால் உதைக்கிற கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். நாலு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னொரு நாலு முயற்சி கிடைக்கும், இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. எதிராளியின் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. பந்து வைத்திருப்பவனுக்காக மற்றவர்கள் எதிராளியை உடம்பால் மறித்து வழி உண்டாக்குவதற்குப் பெயர் பிளாக். இவ்வளவு தெரிந்தால் மீதி புரியும்.

ஆள் குறைந்த ஆட்டம் பிறந்த கதை சின்னதுதான். 1930-களின் பொருளாதார மந்தம், கூடவே வறட்சி. சின்ன ஊர்ப் பள்ளிகளால் பதினொரு பையன்களைத் தேற்ற முடியவில்லை. 1934-ல் நெப்ராஸ்காவில் ஸ்டீஃபன் எப்ளர் என்ற ஆசிரியர் ஆறு பேர் ஆடும் வகையை உருவாக்கினார். அதற்கும் பதினொன்றுக்கும் நடுவில் எட்டு பேர் ஆட்டம் வந்து உட்கார்ந்தது. பிறகு டிராக்டர் பெரிதாகி, பண்ணைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, விவசாயக் குடும்பங்கள் குறைந்து, பிள்ளைகளும் குறைந்தார்கள். தற்காலிக ஏற்பாடாக வந்தது நிரந்தரமாகிவிட்டது.

நிரந்தரமான பிறகும் பல கோச்சுகளின் மண்டையில் மட்டும் அது தற்காலிகமாகவே இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. அவர்கள் கையில் இருப்பது பதினொரு பேர் ஆட்டத்தின் புத்தகம். டிவியில் சனிக்கிழமை கல்லூரி ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை என்.எஃப்.எல். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அதிலிருந்து மூன்று பேரைக் கழித்து, மிச்சத்தைப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கழித்தல் கணக்கு சரிதான், பதினொன்றில் மூன்று போனால் எட்டு. ஆனால் மைதானம் அப்படிக் கழிந்து வராது.

கணக்கைப் பார்க்கலாம். பதினொரு பேர் மைதானம் கோட்டுக்குக் கோடு 100 யார்டு நீளம், 53 சொச்சம் யார்டு அகலம். எட்டு பேர் மைதானம் நெப்ராஸ்காவிலும் கன்சாஸிலும் 80-க்கு 40. (சில மாநிலங்களில் நீளம் 100 என்றே விட்டு, அகலத்தை மட்டும் குறைக்கிறார்கள்.) அகலத்தை ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் பதினொன்றில் தலைக்கு 4.85 யார்டு, எட்டில் தலைக்கு 5 யார்டு. கிட்டத்தட்ட சமம்! 80 யார்டு மைதானத்தில் மொத்தப் பரப்பை 22 பேருக்கும் 16 பேருக்கும் பங்கிட்டால் 242 சதுர யார்டுக்கு எதிராக 200. அதாவது எட்டு பேர் மைதானத்தில்தான் நெரிசல் அதிகம். "ஆள் கம்மி, இடம் ஜாஸ்தி, அதான் ஸ்கோர் எகிறுது" என்று பொதுவாகச் சொல்லும் சமாதானம் இங்கேயே படுத்துவிடுகிறது. ஸ்கோர் எகிறுவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன, அவற்றில் பாதி கோச் கையில் இருப்பவை.

பதினொரு பேர் டிஃபென்ஸில் மிகப் பழகிப்போன அமைப்பு 4-3-4. முன்வரிசையில் நாலு பேர், நடுவில் லைன்பேக்கர்கள் மூன்று பேர், பின்னால் நாலு பேர். கழித்தல் கோச் என்ன செய்வார்? அடுக்குக்கு ஒருவரை எடுத்துவிடுவார். 3-2-3 ரெடி. பார்க்க அழகாக இருக்கும். அமைப்பிலேயே தப்பு எதுவும் இல்லை, அதை வைத்து நன்றாக ஆடும் டீம்களும் உண்டு. தப்பு எங்கே என்றால், பழைய புத்தகத்தில் இருக்கும் வேலைப் பங்கீட்டையும் சேர்த்து இறக்குமதி செய்வதில்.

பதினொரு பேர் ஆட்டத்தில் பாஸைத் தடுக்க ஒரு சர்வசாதாரண ஏற்பாடு உண்டு. நாலு பேர் குவார்ட்டர்பேக்கைத் துரத்துவார்கள், நாலு பேர் கிட்டத்தில் உள்ள இடத்தைக் காப்பார்கள், மூன்று பேர் ஆழத்தில் நின்று மைதானத்தை மூன்றாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கிட்டத்தில் நிற்பவனுக்குத் தலைக்கு 13.3 யார்டு அகலம், ஆழத்தில் நிற்பவனுக்கு 17.8 யார்டு. இதையே 3-2-3-ல் போட்டால் மூன்று பேர் துரத்த, இரண்டு பேர் கிட்டத்தில், மூன்று பேர் ஆழத்தில். இப்போது ஆழத்தில் நிற்பவனுக்கு 13.3 யார்டுதான், ஜாலி. ஆனால் கிட்டத்தில் நிற்பவனுக்கு 20 யார்டு! பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருபது யார்டு அகலத்தைக் காக்க வேண்டும், அதே சமயம் ஓட்டம் வந்தால் அதையும் நிறுத்த வேண்டும். வாரா வாரம் அந்த இடத்தில்தான் ஓட்டை விழுகிறது. கோச் வாரா வாரம் அந்தப் பையனைத்தான் திட்டுகிறார்.

சும்மா ஓர் ஆளை முன்னால் நகர்த்தி 3-3-2 ஆக்கிப் பாருங்கள். கிட்டத்தில் மூன்று பேர், தலைக்கு 13.3 யார்டு. பதினொரு பேர் ஆட்டத்தில் இருந்த அதே அளவு, புள்ளி மாறாமல். ஆழத்தில் இரண்டு பேர், தலைக்கு 20. முன்பு 17.8 இருந்த இடத்தில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. அந்தக் கூடுதலையும் சமாளித்துவிடலாம், ஏனென்றால் சமவெளிக் காற்றில் நாற்பது யார்டு தூரத்துக்குக் குறி தவறாமல் எறியும் கை எல்லாப் பள்ளியிலும் இருப்பதில்லை. எங்கே ஆபத்து குறைவோ அங்கே மூன்று பேரை நிறுத்திவிட்டு, எங்கே ஒவ்வொரு முயற்சியிலும் அடி விழுகிறதோ அங்கே இரண்டு பேரை விடுவது என்ன வகைத் திட்டம்? வெள்ளமே வராத மேட்டுக்கு இன்சூரன்ஸ் கட்டிவிட்டு, கடைக்குப் பூட்டு வாங்காமல் இருக்கிற வியாபாரம் இது.

தாக்குதல் பக்கம் கழித்தல் வேறு மாதிரி நடக்கிறது. அங்கே கோச்சுகள் உண்மையிலேயே கெட்டிக்காரர்கள், மறுப்பதற்கில்லை. பதினொன்றில் முன்வரிசை ஏழு, பின்னால் நாலு. எட்டில் முன்வரிசை ஐந்து, பின்னால் மூன்று. போனது இரண்டு டேக்கிள்களும் ஒரு பேக்கும். டேக்கிள்கள் போனதால் வரிசையின் ஓரம் நடுவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. முன்பு கார்டு, டேக்கிள், எண்டு என்று மூன்று பேரைச் சுற்றிப் போக வேண்டியவன் இப்போது இரண்டு பேரைச் சுற்றினால் போதும். ஆகவே ஓரமாகச் சுற்றி ஓடும் ஸ்வீப் இங்கே ராஜா. பாஸ் பிடிக்கத் தகுதியுள்ளவர்கள் பதினொன்றில் ஆறு, எட்டில் ஐந்து. விகிதத்தில் 54-லிருந்து 62 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது.

இதைவிட முக்கியமான ஒன்று குவார்ட்டர்பேக் ஓடுவது. பந்தைக் கைமாற்றிவிடும் குவார்ட்டர்பேக்கும், வாங்கி ஓடுகிறவனும் பிளாக் செய்வதில்லை. மிச்சம் ஆறு பேர் எட்டு பேரை மறிக்க வேண்டும். குவார்ட்டர்பேக் தானே ஓடினால் ஏழு பேர் எட்டு பேரை மறிக்கிறார்கள். பதினொன்றிலும் இப்படி ஓர் ஆள் லாபம் உண்டுதான், ஆனால் அங்கே ஒரு ஆள் என்பது ஒன்பது சதவீதம், இங்கே பன்னிரண்டரை. அதனால்தான் எட்டு பேர் ஆட்டத்தில் ஊரிலேயே வேகமான பையனைக் குவார்ட்டர்பேக் ஆக்குகிறார்கள். சரியான முடிவு.

அடுத்த முடிவில்தான் வண்டி குடை சாய்கிறது. அந்த வேகமான பையன் களைத்துவிடக் கூடாது என்று டிஃபென்ஸில் அவனை வேலை இல்லாத ஓரமாகப் பார்த்து நிறுத்துகிறார்கள், அல்லது வெளியே உட்காரவைக்கிறார்கள். ஆழத்தில், எல்லோருக்கும் பின்னால் நிற்கிற சேஃப்டி இடத்துக்கு யார் வருகிறார்கள்? மிச்சம் இருப்பவன். அநேகமாக ஒன்பதாம் வகுப்பு, பதினான்கு வயது, தோள் கவசம் ஒரு சைஸ் பெரிது. "பின்னால நில்லு, உன்கிட்ட பந்து வராது" என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

பந்து வரும். எட்டு பேர் ஆட்டத்தில் கண்டிப்பாக வரும். பதினொன்றில் ஒருவன் பிடியைத் தவறவிட்டால் துரத்திப் பிடிக்க இன்னும் பத்து பேர் இருக்கிறார்கள். எட்டில் ஏழு பேர், அதிலும் ஆறு பேரை யாரோ மறித்துக்கொண்டிருக்கிறார்கள். கபடி பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஏழு பேர் நிற்கும்போது கார்னர் கையிலிருந்து ரெய்டர் நழுவினால் கவர் வந்து அமுக்கிவிடும். மூன்று பேர் மிச்சம் இருக்கும்போது நழுவினால் அவன் நடுக்கோட்டில்தான் போய் விழுவான். ஆள் குறையக் குறைய ஒவ்வொரு பிடியின் விலையும் ஏறுகிறது. விலை ஏறிய சரக்கைப் பாதுகாக்க இருப்பதிலேயே அனுபவம் குறைந்த பையனைக் காவல் வைப்பதை எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை. இது கோச்சுகளின் சொந்தக் கண்டுபிடிப்பு.

நீளம் குறைந்ததிலும் ஒரு பொறி இருக்கிறது. மைதானம் 80 யார்டாகக் குறைந்தாலும் பத்து யார்டு விதி அப்படியேதான். பதினொரு பேர் ஆட்டத்தில் பொறுமை டிஃபென்ஸ் என்று ஒன்று உண்டு. பெரிய ஓட்டத்தை மட்டும் விடாதே, சின்னச் சின்னதாகக் கொடுத்துக்கொண்டே இரு, எங்கேயாவது எதிராளி தடுமாறுவான். தன் 20 யார்டு கோட்டில் தொடங்கும் டீம் அங்கே 80 யார்டு போக வேண்டும், எட்டு தடவை பத்து யார்டைக் கடக்க வேண்டும். எட்டு பேர் ஆட்டத்தில் அதே 20-ல் தொடங்கினால் 60 யார்டு, ஆறே தடவை. ஒரு பேச்சுக்கு, ஒவ்வொரு தடவையும் கடக்கும் வாய்ப்பு நாலில் மூன்று என்று வையுங்கள். எட்டு தடவை தொடர்ந்து கடக்கும் வாய்ப்பு 10 சதவீதம். ஆறு தடவை என்றால் கிட்டத்தட்ட 18. பொறுமையின் பலன் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஆகவே பின்னால் மூன்று பேரை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதும் செல்லாது. சரி, எல்லோரையும் முன்னால் தள்ளி 5-2-1 என்று பாய்ந்தால்? பிடித்தால் அமர்க்களம், தவறினால் மிச்சம் அந்தப் பதினான்கு வயதுப் பையன் ஒருவன்தான்.

அப்படியானால் என்னதான் வழி? பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கிட்டத்தில் மூன்று பேர், ஆழத்தில் இரண்டு பேர், அந்த இரண்டில் ஒருவன் ஊரின் வேகமான பையன், அதாவது அதே குவார்ட்டர்பேக். ஓரத்தில் நிற்பவன் உள்ளே பாயாமல், ஓடி வருகிறவனை நடுப்பக்கம் திருப்பி அனுப்ப வேண்டும், அங்கேதான் கூட்டம் இருக்கிறது. எல்லோரும் கோணம் பார்த்து ஓடி, கட்டிப்பிடித்து வீழ்த்தக் கற்க வேண்டும். இதற்குப் புதுப் புத்தகம் வேண்டாம், நேரம்தான் வேண்டும். அந்த நேரத்தைத்தான் கோச் தருவதில்லை.

காரணம் கேட்டால் ஆள் இல்லை என்பார். இது நியாயமான பதில் போலத் தெரியும். டீமில் மொத்தம் 14 பையன்கள் என்றால் எட்டுக்கு எட்டு நிறுத்தி ஆடிப் பார்க்க முடியாது, 16 வேண்டும். எட்டு பேரை டிஃபென்ஸில் நிறுத்தினால் எதிரே ஆறு பேர்தான் மிச்சம். அதனால் திங்கள் முதல் வியாழன் வரை தாக்குதல் பயிற்சியே நடக்கிறது, எதிரே ஆள் இல்லாமல் காற்றை எதிர்த்து. காற்று பிளாக்கை முறிக்காது, பந்தைப் பறிக்காது, எல்லா ஆட்டமும் டச்டவுனில் முடியும், எல்லோருக்கும் சந்தோஷம். முழு எட்டு பேரையும் டிஃபென்ஸ் முதல்முறையாகப் பார்ப்பது வெள்ளிக்கிழமை ராத்திரி விளக்கு வெளிச்சத்தில்.

ஆனால் 14 பேரை வைத்துப் பாதி மைதானம் ஆடலாமே. நடு ஆளான சென்டர், ஒரு பக்கத்து கார்டு, எண்டு, குவார்ட்டர்பேக், இரண்டு பேக். ஆறு பேர். எதிரே ஆறு பேர். பன்னிரண்டு போக இரண்டு பேர் மூச்சு வாங்கலாம். பத்து நிமிஷம் வலது பக்கம், பத்து நிமிஷம் இடது பக்கம். ஸ்வீப், கவுன்ட்டர், குவார்ட்டர்பேக் ஓட்டம், எண்டுக்கு ஒரு குட்டிப் பாஸ். எட்டு பேர் ஆட்டத்தின் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். முழு வேகத்தில் மோதும் பயிற்சிக்குப் பல மாநிலங்களில் நேர வரம்பு உண்டு என்பதும் ஒரு சாக்கு ஆகாது, கோணத்தை நடந்தே கற்றுக்கொடுக்கலாம். இடுப்பைப் பார், வெளிக்கால் பக்கம் போ, தலையை முன்னால் நீட்டாதே. தலையைப் பற்றிய இந்தக் கடைசிப் பாடம் ஸ்கோரைவிடப் பெரியது. கழுத்தும் மூளையும் சம்பந்தப்பட்ட விஷயம். பிடிக்கச் சொல்லித்தராமல் ஒரு பையனை எல்லோருக்கும் பின்னால் நிறுத்துவது, முழு வேகத்தில் வரும் பதினெட்டு வயதுக்காரனின் முட்டிக்கு நேரே அவன் தலையை வைப்பதுதான்.

இன்னொரு இறக்குமதி, வேகம். கல்லூரி டீம்கள் கூடிப் பேசாமலே அடுத்தடுத்து முயற்சிகளை ஓட்டி எதிராளியை மூச்சு முட்டவைக்கின்றன. பார்க்கச் சுறுசுறுப்பாக இருக்கிறது. அங்கே டீமில் நூறு பேர் அளவில் இருக்கிறார்கள், தாக்க ஒரு செட், தடுக்க ஒரு செட். இங்கே தாக்குகிற எட்டு பேரில் பெரும்பாலானவர்கள்தான் தடுக்கவும் வருகிறார்கள். நாற்பது வினாடியில் ஒரு டச்டவுன் போட்டுவிட்டு, குனிந்து முழங்காலைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டே டிஃபென்ஸுக்கு நிற்கும் பையன்கள் யாரை மூச்சு முட்டவைத்தார்கள்? தங்களைத்தான்.

62-54 ஆட்டம் சுவாரசியம் இல்லையா என்று கேட்பார்கள். சுவாரசியம்தான். ஆனால் டிஃபென்ஸ் தெரியாத ஆட்டம் எப்போதும் 62-54 ஆக முடிவதில்லை, பாதி நேரம் 62-6 ஆக முடிகிறது. கன்சாஸில் இடைவேளையிலோ அதற்குப் பிறகோ 45 புள்ளி வித்தியாசம் வந்தால் எட்டு பேர் ஆட்டம் அங்கேயே முடிந்தது. கருணை விதி என்று அதற்குப் பெயர். யாருக்குக் கருணை? பெஞ்சில் இருக்கும் இரண்டு டீமின் சின்னப் பையன்களும், வித்தியாசம் பெரிதான பிறகுதான் உள்ளே இறங்கச் சான்ஸ் கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள். ஆட்டம் இடைவேளையில் முடிந்தால் அவர்கள் சட்டை அழுக்காகாமல் பஸ் ஏற வேண்டியதுதான்.

"இது நிஜ ஃபுட்பாலே இல்லை, இதில் என்ன பெரிய ஸ்கீம்" என்று பதினொரு பேர் ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு. எட்டு பேர் கோச்சுகளில் சிலரே உள்ளுக்குள் அதை நம்புகிறார்கள், கழித்தல் புத்தியின் வேர் அங்கேதான் இருக்கிறது. ரஷான் சலாம் சான் டியேகோ பக்கம் ஒரு பள்ளியில் எட்டு பேர் ஆட்டம் ஆடிவிட்டு கொலராடோ பல்கலைக்கழகம் போய், 1994-ல் 2,055 யார்டு ஓடி ஹைஸ்மன் விருது வாங்கினார். நெப்ராஸ்காவின் ஸ்டெர்லிங் என்கிற குட்டி ஊரின் எட்டு பேர் டீமிலிருந்து வந்த டீன் ஸ்டைன்குலர் 1984 டிராஃப்டில் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டார். லெய்ட்டன் வாண்டர் எஷ்ஷின் ஊரான ஐடஹோ மாநில ரிக்கின்ஸில் ஜனத்தொகையே சுமார் 400. பள்ளியில் குவார்ட்டர்பேக்கும் அவர்தான், லைன்பேக்கரும் அவர்தான். பாய்சி ஸ்டேட்டில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் நுழைந்தவரை 2018-ல் டல்லஸ் கௌபாய்ஸ் முதல் சுற்றிலேயே 19-வது ஆளாக எடுத்தது. கழுத்துக் காயத்தால் 2024-ல் ஓய்வு பெறும் வரை அவர் என்.எஃப்.எல்லில் சம்பாதித்தது தடுத்து. டிஃபென்ஸே நடக்காது என்று சொல்லப்பட்ட ஆட்டத்திலிருந்து வந்த ஒரு லைன்பேக்கர்! அவரை ஓரமாக ஒளித்து வைத்து, குவார்ட்டர்பேக்காக மட்டும் பத்திரப்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த கோச்சுகள் சோம்பேறிகள் இல்லை. பெரும்பாலானவர்கள் அதே பள்ளியில் பாடம் நடத்தும் வாத்தியார்கள். சம்பளத்துக்கு மேல் கிடைப்பது சொற்பம், சில இடங்களில் பஸ் ஓட்டுவதும் அவரே, மைதானத்துக்குக் கோடு போடுவதும் அவரே. அவருக்கு நேரம் இல்லை என்பது உண்மை. நேரம் இல்லாதவர் அதை முக்கால்வாசி தாக்குதலில் செலவழிப்பதுதான் விவகாரம். டச்டவுன் போட்டால் ஊர் கைதட்டுகிறது, மூன்று யார்டில் ஒருவனைத் தடுத்து நிறுத்தினால் அவன் அம்மா மட்டும் கைதட்டுகிறார்.

செலவை எதிர்க்கட்டம் கட்டுகிறது, அதுவும் ஸ்கோர்போர்டில் இல்லை. அக்டோபர் முழுக்க ஏழெட்டு முதுகுகளைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே ஓடிய அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் அடுத்த ஆகஸ்ட் மாதப் பயிற்சிக்கு வருவானா? பெரிய பள்ளியில் அவன் வராவிட்டால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். இங்கே 14 பேரில் நாலு பேர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போய்விட்டார்கள், கீழிருந்து இரண்டு பேர்தான் வருகிறார்கள். அவனும் வந்தால் 12. பாதி மைதானப் பயிற்சிக்கு ஆறுக்கு ஆறு சரியாக இருக்கும். வராவிட்டால் 11. ஒருவனுக்குக் கணுக்கால் சுளுக்கி, இன்னொருவனுக்குக் காய்ச்சல் வந்தால் 9. அந்த வெள்ளிக்கிழமை ஆட்டத்தை நடத்துவதா விட்டுக்கொடுப்பதா என்று முடிவு செய்யும் போன் கோச்சின் மேஜையில்தான் இருக்கிறது, பக்கத்திலேயே அந்தப் பதினொரு பேர் புத்தகமும்.